ஜோங்கா ஓட்டியவள்

ராணுவம் கழித்துவிட்ட ஜோங்கா ஜீப் ஒன்றை நான் வாங்கி வந்தபோது எங்கள் பக்கத்து ஊர்களில் அப்படி ஒரு வண்டி வேறு யாரிடமும் இல்லை. ஆந்திராவில் விஜயபுரம் மண்டலத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர் எங்களுடையது. என் நைனா காலம் வரை அடுத்தவர் நிலத்தில்தான் கூலி வேலை. என் காலத்தில்தான் மலையடிவாரத்தில் கொஞ்சம் பட்டா நிலம் கிடைத்தது. நிலம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஊர் இந்தப் பக்கம். ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டால் வேர்க்கடலை மூட்டைகளை ஏற்றிவர எந்த டிராக்டர்காரரும் சம்மதிக்க மாட்டார். அதற்காகத்தான் அந்த வண்டி.

ராணுவத்தில் இருந்தபோது அதில் பெட்ரோல் எஞ்சின் இருந்ததாம். குடித்த பெட்ரோலுக்கு அளவே இல்லையாம். எனக்கு முன்னால் வாங்கியவர் அதைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் பொருத்தியிருந்தார். மற்றதெல்லாம் பழையபடியே இருந்தது. கதவைத் தட்டினால் தட்டிய கைதான் வலிக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பத் தோள்பட்டை வேண்டும். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டைக் கம்பி இருந்தது. அதைத் தள்ளினால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். வண்டி மனிதன் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடும். ஆனால் அதன்பிறகு சேறோ, மணலோ, பாறையோ எதுவும் அதை நிறுத்தாது. ஒருமுறை வரப்போரம் இருந்த புளியமரத்து வேர்க்கட்டையில் சங்கிலி கட்டி இழுத்தேன். வேர் மண்ணோடு பெயர்ந்து வந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

அது ஆளாளுக்கு ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். நகரியில் தறி ஓட்டிக்கொண்டிருந்த பையன்கள் சென்னைப் பக்கம் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். எங்கள் மாவட்டத்திலிருந்து குவைத்துக்குப் போனவர்கள் நிறைய. நானும் ஒரு வீட்டுக்கு டிரைவராகப் போனேன். ஜோங்காவை நகரிக்காரர் ஒருவரிடம், கூலிக்கு ஓட்டும்படி ஒப்படைத்துவிட்டுப் போனேன்.

குவைத்தில் எனக்குக் கொடுத்த வண்டியும் காடு மேடு ஓட்டுகிற ஜாதிதான். வெள்ளை நிறம், நெஞ்சளவு உயரத்தில் பானெட். முதல் நாள் சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை. ஸ்டார்ட் ஆகவில்லை என்று நினைத்து மறுபடி திருப்பினேன். கறகறவென்று ஒரு சத்தம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். எஞ்சின் முதல் திருப்பிலேயே ஓட ஆரம்பித்துவிட்டிருந்தது.

குளிர்காலத்தில் அந்தக் குடும்பம் பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தங்கும். சாலை முடிந்ததும் டயர்களில் காற்றைக் குறைக்கச் சொல்வார் முதலாளி. தட்டையான டயரோடு மணலில் இறங்குவோம். ஒருநாள் எதிரே ஒரு மணல்மேடு. எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியைவிட உயரம். ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, ‘போ’ என்று கையைக் காட்டினார். ஆக்சிலேட்டரில் காலை வைத்தேன். மிதித்தேன். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு, படகு அலைமேல் ஏறுவதுபோல ஏறியது. எந்தச் சக்கரம் வழுக்குகிறது, எதற்கு எவ்வளவு இழுவை வேண்டும் என்று அதுவே பார்த்துக்கொண்டது. உச்சியில் நின்றதும் திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டில் முதலாளியின் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

இந்த மணல் இப்படித்தான் சரியும் என்று எங்கோ ஒரு நாட்டில் மேசைமுன் உட்கார்ந்து யாரோ யோசித்திருக்கிறார்களே என்று நினைத்தேன். கைகூப்ப வேண்டும்போல இருந்தது.

அந்த வாரம் வீட்டுக்குப் போன் செய்தபோது மனைவியிடம் இதைத்தான் சொன்னேன். ஊரில் டெலிபோன் பூத்துக்கு அவள் வந்து காத்திருப்பாள்.

“கொழந்த எழுந்துக்கவே இல்லியா?”

“இல்ல மே. அசையக்கூட இல்ல.”

“நம்ம வண்டில செத்தவன்கூட எழுந்து உக்காந்துக்குவான்” என்றாள்.

கொஞ்ச நாள் கழித்து, ஜோங்காவை ஓட்டிக்கொண்டிருந்த நகரிக்காரரும் தொழிற்சாலை வேலை கிடைத்துப் போய்விட்டார் என்று சொன்னாள். அப்படியானால் விற்றுவிடு என்றேன்.

“விக்க வேணாம் மாமா. நா ஓட்டிக்கினு கீறேன்.”

“எத?”

“ஜோங்காவத்தான்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“கால் எட்டுதா மே?”

“முதுவுக்குத் தலகாணி வெச்சிக்கினேன்.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வந்தவள். ரோட்டைப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். என் கையையும் காலையும் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். கடலை பிடுங்கி முடித்த வெற்று நிலத்தில், யாரும் இல்லாத நேரத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகினாளாம். இதையெல்லாம் பிறகுதான் சொன்னாள். அன்றைக்குப் போனை வைத்த பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. அந்த ஸ்டீயரிங்கின் கனம் எனக்குத் தெரியும்.

முதல் லீவில் வந்தேன். சென்னையில் விமானம் இறங்கி, ரயில் பிடித்துப் புத்தூர் ஸ்டேஷனுக்கு வெளியே வந்தால் ஜோங்கா நிற்கிறது. அதன்மேல் சாய்ந்து நிற்கிறாள் அவள்.

“ஆறு வந்துக்கினு கீது. ஆட்டோ வராது. அதான் நானே வந்துட்டேன்” என்றாள், மாட்டைப் பிடித்துவர வந்தவள் மாதிரி.

நான் பழக்கத்தில் டிரைவர் பக்கம் போனேன்.

“அந்தப் பக்கம் ஏறு மாமா.”

ஏறினேன். அவள் கிளட்சை இரண்டு தரம் மிதித்து, கியர்ப் பல்லோடு பல் உரசாமல் மாற்றினாள். அந்தப் பழைய கியர்ப் பெட்டி எனக்கே பல தடவை கத்தியிருக்கிறது. அவளுக்குச் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டது.

நிலத்தில் ஆட்கள் கடலையைப் பிடுங்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக ஆற்றுக்கு விட்டாள். தரைப்பாலத்துக்கு மேலே செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடியது. கரையில் பளபளவென்று ஒரு புது வண்டி நின்றது. நான் குவைத்தில் ஓட்டியதன் தங்கச்சி மாதிரி இருந்தது. எங்கள் பக்கமெல்லாம் தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று பேச்சு கிளம்பியிருந்த நேரம். நிலம் பார்க்க வந்த சென்னைக்காரர்கள் உள்ளே இருந்தார்கள். டிரைவர் திருப்பதிக்காரர். அக்கரை போகலாமா என்று தெலுங்கில் கேட்டார். அவள் இறங்கி, சேலையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு, ஒரு கொம்பை ஊன்றியபடி தண்ணீருக்குள் பாதி தூரம் நடந்து பார்த்துவிட்டு வந்தாள்.

“மெல்லகா போண்டி” என்றாள்.

அவர் மெதுவாகவே இறக்கினார். நடு ஆற்றில் பின்பக்கம் லேசாக இழுபட்டது. உடனே தானாக நேராகிக்கொண்டது. அந்தத் திருத்தம் எனக்குப் பழக்கமானது. பார்த்ததும் என் சொந்தக்காரனைப் பார்த்தது மாதிரி சந்தோஷமாக இருந்தது. வெள்ளமே பிளந்து வழிவிட்டது போல அது கரையேறிவிட்டது.

பிறகு நாங்கள். அவள் வண்டியின் மூக்கில் சாக்கைக் கட்டினாள். ஃபேன் தண்ணீரை எஞ்சின்மேல் வாரி அடிக்காமல் இருக்க அதன் பெல்ட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். குட்டைக் கம்பியைத் தள்ளினாள்.

தரை ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து எங்கள் பாதங்களை நனைத்தது. வண்டி முழுக்க அதிர்ந்தது. நடுவில் வெள்ளம் பின்பக்கத்தைத் தள்ளியது. என் கைகள் தாமாக ஸ்டீயரிங்கை நோக்கிப் போயின. இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவள் பிரேக்கைத் தொடவில்லை, ஆக்சிலேட்டரைக் கூட்டவும் இல்லை. கால் அசையவே இல்லை. ஸ்டீயரிங்கை மட்டும் வெள்ளம் வருகிற பக்கமாகக் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஒடித்தபடியே இருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பாலைவனத்தில் நான் எந்த இயந்திரத்தைப் பார்த்து வாய் பிளந்தேனோ, அது செய்த வேலையை இங்கே இவள் உள்ளங்காலும் தோளும் செய்துகொண்டிருந்தன. அப்படியே கரையேற்றிவிட்டாள்.

அந்த டிரைவர் அக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துக் கும்பிட்டார். அவளுக்கோ அவருடைய வண்டிமேல்தான் கண்.

“இது எப்படி தானா நேராச்சு?” என்று தெலுங்கில் கேட்டாள். பானெட்டைத் திறந்து காட்டச் சொன்னாள். உள்ளே எல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் மூடிகள்.

“எஞ்சின் எங்க மாமா?” என்றாள் என்னிடம்.

டிரைவர் சிரித்துவிட்டு, எப்படி நேரானது என்று தனக்கும் தெரியாது, எதையும் கழற்றக் கூடாதென்று சொல்லியிருக்கிறார்கள் என்றார். ஆட்கள் கூப்பிடும் வரை அவள் அந்த மூடிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் குவைத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வருவதற்குள் எங்கள் பக்கத்துத் தொழில்பேட்டையான ஸ்ரீ சிட்டியில் தொழிற்சாலைகள் எழும்பிவிட்டிருந்தன. அங்கே ஒரு கம்பெனியில் டிரைவரானேன். ஜோங்கா அவளிடமே இருந்தது. நான் கேட்கவும் இல்லை. கம்பெனி புதிதாக ஒரு நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வாங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாரியிடம் அனுமதி கேட்டு அதை ஊருக்கு எடுத்துவந்தேன். அவளை ஓட்டச் சொல்லி மலைப்பாதையில் மேலே போனோம். மேலே ஓர் இடத்தில் பாதை சுவர் மாதிரிச் செங்குத்தாக இறங்கும், எல்லாம் சரளைக்கல். ஜோங்காவில் அங்கே முதல் கியரில் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டுதான் இறங்குவோம்.

ஒரு பொத்தானை அழுத்தினேன். “இப்ப காலை எடு.”

“எதுலேர்ந்து?”

“பிரேக்குலேர்ந்து. எல்லாத்துலேர்ந்தும்.”

“எடுத்தா போய்டும் மாமா.”

“போவாது. எடு மே.”

வெகுநேரம் காலை எடுக்காமலே இருந்தாள். கடைசியில் கண்ணை இறுக்கி மூடித் திறந்து, காலை மேலே தூக்கிக்கொண்டாள். வண்டி அடியில் எதையோ டகடகவென்று கடித்தபடி, தடி ஊன்றிப் படியிறங்குகிற வயதானவரைப் போல ஒவ்வொரு அடியாக இறங்கியது. அவள் இரண்டு பாதங்களையும் சீட்டின்மேல் மடித்து வைத்துக்கொண்டாள். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

“யாரு மாமா புடிச்சிக்கினு கீறாங்க?”

“வண்டியேதான்.”

கீழே வந்ததும் அவள் இறங்கவில்லை. “இன்னொரு வாட்டி” என்றாள். திருப்பிக்கொண்டு மேலே போய் மறுபடி இறங்கினோம். அதற்கப்புறமும் கேட்டாள். ஆற்று வெள்ளத்தில் முகம் மாறாதவள், ஒவ்வொரு தடவையும் பாதையின் விளிம்பு வந்ததும் திறந்த வாயைக் கீழே வரும் வரை மூடவில்லை. நான் பாதையைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பொழுது சாய்ந்து, இதுதான் கடைசி என்று இறங்கும்போது அவள் மெல்ல ஸ்டீயரிங்கிலிருந்தும் விரல்களைத் தூக்கிப் பார்த்தாள்.

“கைய உடாத மே!” என்று கத்தினேன். “அத அது பாத்துக்காது!”