கல்லுக்கு மேலே, கல்லுக்குக் கீழே

ஆற்றுத் தண்ணீரைக் கேனில் பிடிக்கிறவனுக்கு மூக்கு இருக்கக் கூடாது. எனக்கு இருந்து தொலைத்தது. பொம்மசந்திராவில் ஒரு தனியார் லேபுக்குத் தண்ணீர் பிடித்து வந்து கொடுப்பது என் வேலை. மேலே இருப்பவர் ஏசியில் உட்கார்ந்திருக்க, சேற்றில் நின்று பிழைப்பவர்களுக்கு மற்றதைச் சொல்லாமலே புரியும்.

கொஞ்சம் கீழே

சோதனைக்கு நான் தண்ணீர் பிடிக்கப் போகிற இடம், பால், தயிர் செய்கிற ஒரு கம்பெனி. உள்ளே வெள்ளையாக ஓடுவது வெளியே கறுப்பாக வரும். அந்தக் கழிவு ஆற்றில் விழுகிற குழாய் வாயிலேயே தண்ணீர் பிடிக்க வேண்டும், அதுதான் முறை. ஆனால் கொஞ்ச தூரம் தள்ளிப் பாறைகள் இருந்தன. தண்ணீர் அதில் மோதி, கோரைக்குள் புகுந்து வரும்போது பாதி தெளிந்துவிடும். அங்கே போய்ப் பிடிக்கச் சொன்னார் கம்பெனி மேனேஜர். முறை அது இல்லையே என்றேன். நான் பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"ஆறு தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும். மூணாங்கிளாஸுக்கு அதெல்லாம் எங்க தெரியும்? ஸ்வல்ப கீழே போய்யா!"

நிஜமா?

லேபில் சோதனை செய்யும் ஸ்டெல்லா மேடத்திடம் கேட்டேன். அவர் சொன்னது நிஜம்தானாம். அதில்தான் எனக்கு ஆத்திரம் இரண்டு மடங்கானது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அழுக்கைத் தின்கின்றனவாம். அவற்றுக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். பாறையில் மோதும்போது தண்ணீரில் காற்று கலக்கிறது. மண்டி அடியில் படிகிறது, மிச்சத்தைக் கோரை உறிஞ்சுகிறது. அப்புறம் ஏன் மேடம் இப்படி நாறுது என்றேன்.

"ஒரு பந்தி தின்னு முடிக்கறதுக்குள்ள அடுத்த பந்திக்கு இலை போட்டா, அதுங்கதான் என்னண்ணா பண்ணும்?"

நடுவில் ஒருத்தி

குழாய்க்கும் பாறைக்கும் நடுவே, கரையில், முனியம்மா ஆற்றுத் தண்ணீர் பாய்ச்சிக் கீரை போடுகிறாள். அடுத்த முறை போனபோது கீரைக்கட்டு ஒன்றை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வேர் அழுகியிருந்தது. சந்தாபுரா சந்தையில் வாங்க வருகிறவர்கள் மோந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிடுகிறார்களாம். ஆறு தானாகவே சுத்தமாகிவிடும் என்று மேனேஜர் சொன்னதைச் சொன்னேன்.

"கல்லுக்குக் கீழ சுத்தம், சரி. கல்லுக்கு மேல இருக்கற நான் மனுஷி இல்லியாண்ணா?"

கார்க் கண்ணாடி

மேனேஜர் காரை விட்டு இறங்க மாட்டார். நாற்றத்துக்குப் பயந்து கண்ணாடியைக்கூட இறக்க மாட்டார். அன்றைக்கும் உள்ளிருந்தபடியே 'கீழே, கீழே' என்று கை காட்டினார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே குழாய் வாயில் கேனை முக்கினேன். மூடி, சீல் வைத்து, இடத்தின் பெயரையும் எழுதி ஒட்டினேன். முதல் தடவையாகக் கண்ணாடி இறங்கியது. மூக்கைப் பொத்திக்கொண்டே, "உனக்கு வேலை வேணுமா, வேணாமா?" என்று கத்தினார். "இதுதான் சார் என் வேலை" என்றேன். கீரைப் பாத்தியிலிருந்து முனியம்மா குரல் கொடுத்தாள்.

"மூக்கை ஏன் சார் பொத்தறீங்க? கொஞ்சம் பொறுங்க, தானா சுத்தமாயிடும்!"

ஸ்டெல்லா மேடம் ரிப்போர்ட்டில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. என்னை மட்டும் ஆற்றுப் பக்கம் அனுப்பாமல் லேபுக்குள்ளேயே கேன் கழுவ உட்கார வைத்துவிட்டார்கள். போட்டதையெல்லாம் விழுங்கிவிட்டு மறந்து ஓட ஆற்றுக்குத் தெரிகிறது; எனக்கு அந்த வித்தை வரவில்லை, வரவும் வேண்டாம்.