கிளவுசுக்குள்ள போட்ட ஆயின்மெண்ட்

கும்முடிப்பூண்டியாண்ட ஒரு எறா கம்பெனில எம் பொண்டாட்டி பன்னெண்டு வருசம் எறா உரிச்சா. நான் அப்போ லாரிக்கு சிமெண்டு மூட்ட ஏத்திக்கினு இருந்தேன். எம் மேலுக்கு ஒண்ணும் ஆவல. அவளுக்கு பத்து வருசம் கழிச்சி கை செவந்து அரிக்க ஆரம்பிச்சிது.

"ராஜா ஊட்டு பொண்ணாமே நீ? எறா தொட்டா செவக்குது?"ன்னு கிண்டல் பண்ணுவேன்.

"உங்கையில தோலு எங்கய்யா கீது? தார் ரோடு தான கீது"ம்பா.

சிரிப்பு தான், ஆனா உள்ள பயம். கம்பெனி கேட்டுல ஒரு அம்மா தெனம் எல்லார் கையையும் திருப்பி பாக்கும். செவப்பு, புண்ணு இருந்தா அப்டியே ஊட்டுக்கு அனுப்பிடும். மூணு தபா அனுப்பிட்டா அப்புறம் வேல இல்ல. இவள ரெண்டு தபா அனுப்பிட்டாங்க.

நான் தான் மெடிக்கலுக்கு போனேன். எனக்கு படிக்க தெரியாது. "கை செவந்து அரிக்குதுப்பா"ன்னேன். கடக்காரன் ரோஸ் கலர் டப்பால ஒரு ஆயின்மெண்ட் டியூபு குடுத்தான். மூணே நாளு, கழுவி வுட்ட மாரி செவப்பு போச்சு. கேட்டுல கைய நீட்டிக்கினு சிரிச்சிக்கினே உள்ள போனாளாம். அப்புறம் தீந்தா காலி டப்பாவ காட்டுவேன், அவன் புதுசு குடுப்பான். அவனும் ஒண்ணும் கேக்கல, நானும் கேக்கல.

இவ காலையில வேன் வர்றதுக்கு முன்ன மொத்தமா தடவி, மேல ரப்பர் கிளவுசு மாட்டிப்பா. "வழுக்கிக்கினு நல்லா ஏறுதுய்யா"ம்பா. ஷிப்ட் முடியற வரைக்கும் கை உள்ளயே கெடக்கும். ரெண்டு வருசம் இப்டியே.

தோலு வெங்காய சருகு மாரி ஆயிடிச்சி. பச்ச நரம்பு தெரியும். எறா முள்ளு பட்டா ரத்தம், கிளவுச இழுத்தா தோலும் கூட வந்துடும். நாலு நாளு நிறுத்தி பாத்தா நெருப்புல வச்ச மாரி எரியும். திரும்பி போட்டா அடங்கும். மருந்து நல்லா கேக்குதுன்னு நெனச்சிக்கினோம்.

கடைசில திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரி. சின்ன வயசு டாக்டரம்மா. டப்பாவ பாத்துட்டு, "இத போட்டுட்டு இன்னா பண்ணுவீங்க?"ன்னுச்சி.

"கிளவுசு போட்டுப்பேன் மா."

எழுதிக்கினு இருந்த பேனாவ கீழ வச்சிடுச்சி. "இது ஸ்டீராய்டு. மேல மூடிட்டா பல மடங்கு உள்ள எறங்கும் மா. மருந்து கெட்டது இல்ல. டாக்டர் சொல்ற அளவு, சொல்ற நாளு, அவ்ளோ தான் போடணும்." ஆள்காட்டி வெரல்ல நுனிலேந்து மொத கோடு வரைக்கும் ஒரு இழ பிதுக்கி காட்டுச்சி. ரெண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதுமாம், மெல்லிசா. இவ்ளோ நாளு போட்டத திடீர்னு நிறுத்தவும் கூடாதாம். வீரியம் கம்மியா வேற ஒண்ணு எழுதி குடுத்து, தெனம், அப்புறம் ஒரு நாளு வுட்டு ஒரு நாளுன்னு கொறைக்க சொல்லிச்சி. நடுவுல நடுவுல வாசலின். பழச மூஞ்சில, தொட இடுக்குல வைக்கவே கூடாதுன்னுச்சி. என் தொட அரிப்புக்கும் அதையே தான் தடவிக்கினு இருந்தேன், சொல்ல வெக்கம்.

"தோலு திரும்பி வருமா மா?"ன்னேன்.

"அரிப்பு அடங்கும். தோலு கொஞ்சம் தேறும். பழைய மாரி ஆவும்னு சொல்ல மாட்டேன் ஐயா. தண்ணி, ஐஸு, ரப்பர் மூணும் ஆவாது."

இவ சிரிச்சிட்டா. "எறா கம்பெனில வேற இன்னா மா கீது?"

மூணு மாசம் வேலைக்கு போவாம ஒழுங்கா போட்டா. செவப்பு போச்சு. சொல்ல சொல்ல கேக்காம திரும்பி கம்பெனிக்கு போனா. கேட்டு அம்மா கைய திருப்பி திருப்பி பாத்துட்டு, "தோலு பிஞ்சி பிஞ்சி கீதேக்கா. எறாவுல ரத்தம் வுழும். இனிமே வராதக்கா"ன்னுடுச்சாம்.

ஷேர் ஆட்டோல வந்து எறங்கி கட்டில்ல குந்திக்கினா. அழுவல. "செவப்பா இருக்க சொல்ல ஒளிச்சி ஒளிச்சி உள்ள போனேன். இன்னிக்கி செவப்பே இல்ல, வுடல"ன்னா.

நான் அந்த மெடிக்கல்காரன கண்டபடி திட்டினேன்.

"அவன் கேட்டத குடுத்தான். வாங்கிக்கினு வந்தது யாருய்யா?"

கோவமா கூட சொல்லல. கொழம்புக்கு மீன் ஆயணும், தண்ணில கை வைக்க முடியலன்னா. நான் எழுந்து மீன ஆய போனேன்.