யாரோடும் பேசாத பெண்

அந்தப் பெண்ணின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. திண்டிவனத்தில் செஞ்சி பஸ் ஏறியபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய சடை, கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை. அதன் கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாகவே இருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"இன்னாம்மா, உடம்பு சரியில்லையா?" என்றேன்.

"இன்டர்வியூ போயிட்டு வர்றேங்க்கா. எழுத்துப் பரீட்சையில நான்தான் ஃபர்ஸ்ட். அப்புறம் வட்டமா உக்கார வச்சுப் பேசச் சொன்னாங்க. எல்லாரும் வாதம் பண்றாங்க, சிரிக்கிறாங்க. எனக்குப் பேச வாயே வரல, வேணாம்னு அனுப்பிட்டாங்க. காலேஜில யார்கிட்டயும் பேசிப் பழகுனதே இல்ல. நைனா உடமாட்டாரு."

அழவில்லை. சொல்லச் சொல்லக் குரல்தான் ஏறியது. "எங்க கிளாஸ் பொண்ணுங்க எல்லாம் சேந்து வந்து செஞ்சிக் கோட்டை ஏறுனாங்க. நான் எங்க வீட்டு மாடியில நின்னு பாத்தேங்க்கா."

செஞ்சி பஸ் நிலையத்தில் அவள் அப்பா பைக்கோடு நின்றிருந்தார். நாங்கள் பேசிக்கொண்டே இறங்கியதைக் கண்டு முகம் சுளித்தார். பிறகு என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "எம் பொண்ணு யார்கிட்டயும் பேசாதுங்க. தான் உண்டு, படிப்பு உண்டுன்னு இருக்கும்."

"அதனாலதான் வேலை போச்சு நைனா!"

பஸ் நிலையமே திரும்பிப் பார்த்தது. "ஏறு, ஜனங்க பாக்குறாங்க" என்றார் அவர்.

"பாக்கட்டும்" என்றவள் பைக்கில் ஏறாமல் நடந்தாள். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார்.

பழகவே விடாமல் வளர்த்துவிட்டு அதையே பெருமையாகப் பேசிய அந்த மனிதர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. வீட்டுக்குப் போனபின் அவள் சத்தம் அடங்கியிருக்குமா? அடங்கியிருக்கக் கூடாது என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.