பத்தொன்பது நிமிடம், கூடுதலாக ஆறு

பார்சல் ஆபீஸில் அவரை எல்லோரும் சீல் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள், அவரைவிட மூத்த மேனேஜர் உட்பட. அட்டைப்பெட்டியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. பெட்டியை வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். இடுப்பில் தொங்கும் பழுப்பு ஒட்டு டேப்பைச் சர்ரென்று இழுத்து ஒட்டி, முனையைப் பல்லால் கடித்து, கட்டைவிரலால் அழுத்தி ஒரு தேய்ப்பு. அதற்கப்புறம்தான் அந்தப் பெட்டிக்கு வழியனுப்பு. இருபத்தொன்பது வருஷமாக இதே வேலை. ஒருமுறை சுவரில் தொங்கிய புகார்ப் பெட்டியின் வாயையே ஒட்டிவிட்டார். மூன்று மாதம் ஒரு புகாரும் வரவில்லை என்று மேலிடம் மேனேஜருக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. கேட்டால், "திறந்து கிடந்துச்சு, ஒட்டினேன்" என்பார். அதற்குமேல் அவரிடம் விளக்கம் வாங்க முடியாது.

அவர் மனைவி இறந்து இருபத்திரண்டு வருஷம். மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் வீடு வெறிச்சோடிவிட்டது. மகளுக்கு அப்போது நாலு வயது. அவளைத் தலைபின்னிப் பள்ளிக்கு அனுப்பி, படிக்க வைத்து, வேறு ஊரில் கண் ஆஸ்பத்திரியில் வேலைக்கும் சேர்த்துவிட்டார். பின்னல் மட்டும் கடைசிவரை அவருக்குச் சரியாக வரவில்லை. பார்சல் கட்டுகிற இறுக்கத்தில் பின்னுவார். பிள்ளைக்குப் புருவமே மேலே ஏறிவிடும்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அவளே பார்த்துக்கொண்ட பையன், நல்ல பையன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாள்:

"அப்பா, கல்யாணத்துக்கு எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம். அந்தக் கேசட் மட்டும் வேணும்."

"எந்தக் கேசட்?"

"நடிக்காதீங்கப்பா. மாமா எடுத்தாரே, அம்மா இருக்கற வீடியோ கேசட். அம்மா குரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு தடவை கேக்கணும்."

இத்தனை வருஷமும் அந்தக் கேசட்டைக் கேட்டபோதெல்லாம் அவரிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. முதலில், கேசட் போடுகிற டெக் ரிப்பேர். பிறகு, டெக் எல்லாம் இப்போ யார் வெச்சிருக்காங்க. பிறகு, பூஞ்சை பிடிச்சிருக்கும்மா, ஓடாது. பதில்கள் தீர்ந்துபோனதோ, கல்யாணம் என்ற சொல் ஏதாவது செய்ததோ, "அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கேசட் ஓடுவது மொத்தம் பத்தொன்பது நிமிடம். இந்த வீட்டுக்குக் குடிவந்த மறுநாள், மனைவியின் அண்ணன் யாரிடமோ கேமரா இரவல் வாங்கிவந்து எடுத்தது. பாதி நேரம் மனைவி திட்டிக்கொண்டிருப்பாள். அவள் போன மறுமாதம் பக்கத்து வீட்டு டெக்கை வாங்கிவந்து ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்தார். குழந்தையும் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்துபோய் டிவிக்குப் பின்னால் எட்டிப்பார்த்தது. பிறகு மேஜைக்கு அடியில். பிறகு கதவுக்குப் பின்னால். அன்று கேசட்டை மூன்று உறையில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தவர்தான்.

இப்போது அதைப் போட மிஷின் வேண்டுமே. ஆபீஸில் எடை போடும் மேஜையில் இருக்கும் அக்கா யோசனை சொன்னாள்:

"கடையில குடுங்கண்ணே. சிடியா மாத்திக் குடுத்துடுவாங்க."

"கடையிலயா? தொலைச்சுட்டாங்கன்னா?"

"ஏன் தொலைக்கறாங்க?"

"நாம தொலைக்கலையா?" என்றார் சீல் அண்ணன். பார்சல் ஆபீஸ்காரருக்குத் தெரியாதா ஒரு பொருள் எப்படியெல்லாம் தொலையும் என்று? அக்காவும் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த வாரமே ஒரு லாட்ஜில் பழைய சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு டிவி. குண்டு டிவிதான், ஆனால் வயிற்றில் இரண்டு வாய். மேலே சிடி போடுகிற மெல்லிய வாய், கீழே கேசட் போடுகிற அகன்ற வாய். ரிமோட் உண்டு, விளக்கப் புத்தகம் இல்லை. பார்த்ததுமே அவருக்குக் கணக்கு விளங்கிவிட்டது. ஆபீஸில் ஒரு ஜன்னலில் வாங்கிய பார்சல் பக்கத்து ஜன்னல் வழியாகப் போவதில்லையா? இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. கேசட்டைக் கீழே போட்டு, வெற்று சிடியை மேலே போட்டு, சிவப்புப் பொத்தானை அமுக்கினால் இதிலிருந்து அதற்குப் போய்ச் சேராதா? அது சிடியில் எழுதத் தெரியாத மிஷின், படிக்க மட்டும் தெரிந்தது, எழுதுவதென்றால் கேசட்டில்தான் எழுதும் என்பதை அவருக்குச் சொல்ல ஆளில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை.

டிவியை வாங்கிவந்து, சனிக்கிழமை மத்தியானம் அதன் முன்னால் உட்கார்ந்தார். முதலில் கேசட் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டினார். கோடு கோடாக ஏதோ நெளிந்தது. பிறகு ஒரு பச்சை நிறத் தோள், அது திரும்ப ஆரம்பித்தது. மூன்று விநாடிகூட இருக்காது. கை தானாக ஓடி நிறுத்திவிட்டது. முகம் வருவதற்கு முன்னால் நிறுத்திவிட்டோம் என்று அப்போது அவருக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

கேசட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றினார். சிவப்புப் பொத்தானை அமுக்கினார். டொக்கென்று கேசட் வெளியே வந்துவிட்டது. மறுபடி உள்ளே தள்ளி அமுக்கினார். மறுபடி வெளியே. மூன்றாவது தடவையும் மிஷின் நாக்கை நீட்டிக் காட்டியது.

"என்ன உனக்கு?" என்று கேசட்டைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். தெரிந்துவிட்டது. முதுகில் இடது ஓரத்தில் சதுரமாக ஒரு ஓட்டை, சுண்டுவிரல் நகம் அளவு. உள்ளே இருக்க வேண்டிய பிளாஸ்டிக் துண்டு உடைந்துபோயிருந்தது. டேமேஜ். இதனால்தான் மிஷின் வாங்க மாட்டேன் என்கிறது. நியாயம்தானே, டேமேஜ் பெட்டியை அவரே வாங்க மாட்டாரே. ஒட்டு டேப்பை எடுத்தார். ஓட்டை அளவுக்கு அழகாக வெட்டி, ஒன்றுக்கு இரண்டாக ஒட்டி, கட்டைவிரலால் தேய்த்தார்.

மிஷின் இந்த முறை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. சிவப்பு விளக்கு எரிந்தது.

சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தார். குளியல் துண்டை எடுத்துத் திரைமேல் போர்த்தினார். அடுக்களைக்குள் போய், டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது நிமிடம் முடிந்தது. எழுந்திருக்கவில்லை. எந்தப் பெட்டிக்கும் ஓரத்தைத் தாண்டி நாலு விரற்கடை கூடுதலாக ஒட்டுவது அவர் வழக்கம். அதனால் கூடுதலாக ஆறு நிமிடம் ஓடவிட்டார்.

சிடியை எடுத்து, மேலே குண்டு எழுத்தில் 'அம்மா' என்று எழுதி, பஞ்சு வைத்து, பெட்டி வைத்து, அதன்மேல் இன்னொரு பெட்டி வைத்து, தன் கையாலேயே பதிவு செய்து அனுப்பினார்.

புதன்கிழமை மகள் கூப்பிட்டாள்.

"என்னப்பா, உள்ள வைரமா இருக்கு? பிரிக்கறதுக்குள்ள விரல் போயிடுச்சு. சரி, சிடியில ஒண்ணுமே இல்லப்பா. வெறும் சிடி."

"மிஷின் பழசு. எங்கயோ தப்பிருக்கும். கேசட் பத்திரமா இருக்கு, இரு, திரும்ப எடுக்கறேன்" என்றார். குரலில் பதற்றமே இல்லை.

போனை வைத்துவிட்டுக் கேசட்டைப் போட்டார். கோடுகள் நெளிந்தன. பச்சைத் தோளுக்காகக் கண்ணை இடுக்கிக் காத்திருந்தார். தரை துடைக்கும் மாப்போடு ஒரு பெண் வந்தாள். "குனிய வேண்டாம், நிமிர வேண்டாம், ஒரே இழுப்பு!" என்று சிரித்தாள். அந்தச் சனிக்கிழமை டிவி எந்தச் சேனலில் நின்றதோ, அதில் ஓடிய விற்பனை விளம்பரத்தைத்தான் மிஷின் சிரத்தையாகப் பிடித்து வைத்திருந்தது. அவர் முன்னால் ஓட்டினார். மாப். பின்னால் ஓட்டினார். மாப். இருபத்தைந்தாவது நிமிடம் அந்தப் பெண் பிழிந்த வாளியைக் காட்டிக்கொண்டிருக்கும்போது படம் அறுந்து, வெறும் புள்ளிகள் கொட்டின.

அந்த இருபத்தைந்து நிமிடத்தைப் பற்றித்தான் அன்று முழுக்க நினைத்தார். பத்தாவது நிமிடத்தில் துண்டை விலக்கிப் பார்த்திருந்தால்கூட மீதி ஒன்பது நிமிடம் மிஞ்சியிருக்கும்.

படம் எடுத்த மச்சானுக்குப் போன் போட்டார்.

"மச்சான், அந்தக் கேசட்டுக்கு வேற காப்பி ஏதாவது உண்டா?"

"ஏது மாப்ளே காப்பி? கேமராவே இரவல். உன்கிட்ட இருக்கறது ஒண்ணுதான். ஏன்?"

சொன்னார்.

"அதெப்படிய்யா ஆகும்? அதுமேல பதிவே ஆகாதே. துண்டை உடைச்சாச்சே."

"எந்தத் துண்டு?"

"முதுகுல ஓரமா இருக்குமே. அதை உடைச்சுட்டா எந்த மிஷினும் அதுமேல எழுதாது, வெளிய தள்ளிடும். அவதான் கத்தி முனையால நெம்பி எடுத்தா, என் கண்ணு முன்னாடி. 'விட்டா உன் மாப்ள இதுல கிரிக்கெட் மேட்ச் பிடிச்சு வெச்சுடுவாரு அண்ணா'ன்னு சிரிச்சா."

சீல் அண்ணன் கேசட்டைத் திருப்பி, தான் ஒட்டிய டேப்பைப் பார்த்தார்.

"மாப்ளே? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"மேட்ச் எதுவும் பிடிச்சுடலையே?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டு, மச்சான் அந்தப் பக்கம் அழ ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். போனில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, நேரில் வா என்று மட்டும் சொல்லியிருந்தார். கேசட்டைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றையும் விடாமல். டேப் ஒட்டியதை, துண்டு போர்த்தியதை, மாப்பை. அவள் அந்தச் சதுரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"மூலையெல்லாம் எவ்வளவு சுத்தமா வெட்டியிருக்கீங்க" என்றாள். கோபமா கேலியா என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

"ஏம்பா இவ்வளவு நாள் காட்டல? நிஜத்தைச் சொல்லுங்க."

சொன்னார். டிவிக்குப் பின்னால், மேஜைக்கு அடியில், கதவுக்குப் பின்னால்.

அவள் கேசட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு இருபத்தாறு ஆச்சுப்பா" என்றாள். "இப்ப தேடியிருக்க மாட்டேன்."

அவர் எழுந்தார். "உட்காரு, சொல்றேன். ஒவ்வொண்ணா சொல்றேன்" என்று ஆரம்பித்தார். ஒருமுறை பார்த்ததுதான், ஆனால் ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. அலமாரி பக்கம் போய் நின்று, "இங்க நின்னா. 'அண்ணா, என்னை எடுக்காதே, தலைகூட வாரல, சுவத்த எடு'ன்னா" என்றார். ஜன்னல் பக்கம் போனார். "இங்க வந்து, 'இவரப் பாரு, ஆணி அடிக்கச் சொன்னா சுவத்தையே பேத்துட்டாரு'ன்னா." மகள் சிரித்துவிட்டாள். வாசல் பக்கம் போனார். "உன்னைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு, 'குட்டிம்மா, மாமாவுக்குப் பல்லக் காட்டு'ன்னா. நீ நாக்கக் காட்டின." மறுபடி சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. வேர்க்க விறுவிறுக்க அந்த அறை முழுக்க நடந்து பத்தொன்பது நிமிடத்தையும் சொல்லி முடித்தார்.

"குரல் எப்படிப்பா இருக்கும்?" என்று கேட்டாள் மகள். "மெல்லிசா? கொஞ்சம் கனமா?"

அவர் கண்ணை மூடினார். வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. குட்டிம்மா வந்தது. ஆணி வந்தது. குரலைத் தேடிக் காதைக் கொடுத்தார். இந்த நாலு நாளில் கேசட்டின் அடியில் எங்காவது மனைவி மிச்சமிருக்க மாட்டாளா என்று திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருந்தாரே, அந்த மாப்காரியின் குரலில்தான் எல்லாம் கேட்டது.

"சொல்லுங்கப்பா."

"தெரியலம்மா" என்றார்.

மகளின் பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள், அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.