கோலை விட்டுக்கொடுத்தவர்

பிள்ளைகளே, இன்று திரையில் நீங்கள் கைதட்டும் அந்த நடிகரை, மட்டாஞ்சேரியில் அவருடைய முதல் படப்பிடிப்பின்போது பார்த்திருக்கிறேன். சுமை தூக்குபவரின் மகன், நல்ல கோல்கீப்பர். நின்றாலும் கால் நிற்காது. உள்ளங்கையை டவுசரில் துடைத்துக்கொண்டே இருப்பார்.

காட்சிப்படி, கதாநாயகன் அடிக்கும் பந்தை அவர் பிடிக்காமல் விட்டுவிட வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் பாய்ந்து பிடித்துவிட்டார்.

“மோனே, இனியும் பிடிச்சா வேற ஆளைப் போட்டுருவேன்!” என்று கத்தினார் இயக்குநர்.

அடுத்த பந்தை விட்டார். வலையில் கிடந்த பந்தைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“அடிபொளி நடிப்பு!” என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகு சாயாக்கடையில் கேட்டேன்: “அந்த அழுகை நடிப்பா, தம்பி?”

“தெரியல சேட்டா. ஆனா அது ஈஸியா பிடிக்கிற பந்து,” என்று சொல்லி, கையை டவுசரில் துடைத்தார்.

இன்றும் அவர் திரையில் அழுதால், நான் அவர் கைகளைத்தான் பார்க்கிறேன், துடைக்கிறாரா என்று.