அங்கிட்டுப் போட்ட ஓட்டு

எங்கள் தொகுதியின் தேர்தல் வரலாற்றை எழுத யாரும் மெனக்கெட வேண்டாம். நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று என்னிடம் கேட்டால் போதும். அவரை விட்டுவிட்டு, அவரை எதிர்த்து நின்றவரை எழுதிக்கொள்ளலாம். ஓட்டுரிமை வந்த நாளிலிருந்து நான் போட்ட ஆள் ஒருவர்கூடக் கரையேறியதில்லை. கட்சி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒருமுறை, முந்தின தேர்தலில் ஜெயித்தவருக்கே போட்டேன். அந்தத் தடவை அவர் தோற்றார். சட்டமன்றம், நாடாளுமன்றம் என்று நான் பாகுபாடு பார்த்ததும் இல்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், ஓட்டுப் போட்டவர்கள் விரல் மையோடு நேராக டீக்கடைக்குத்தான் வருவார்கள். யாருக்குப் போட்டாய் என்று கேட்டால் மற்றவர்கள் சிரித்து மழுப்புவார்கள். எனக்கு அந்தக் கள்ளத்தனம் பிடிக்காது, பட்டென்று சொல்லிவிடுவேன். புதுக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதியைக் கலைத்து, மாவட்டத்தைத் திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று பங்கு வைத்தபோது நாங்கள் சிவகங்கைக்குப் போனோம். "ஒங்க ஓட்டுக்குப் பயந்து தொகுதியே ஓடிப்போச்சுண்ணே" என்றார் டீக்கடைக்காரர். புதுத் தொகுதியிலாவது ராசி மாறும் என்று நம்பினேன். மாறவில்லை. பிறகு, ஓட்டுக் கேட்டு வரும் கட்சிக்காரர்கள் என் வாசலில் மட்டும், "அண்ணே, தயவுசெஞ்சு எங்களுக்குப் போட்டுறாதீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். எல்லாம் என் மச்சினன் பஞ்சாயத்துத் தலைவருக்கு நிற்கும்வரை.

மச்சினன் என் மனைவியின் தம்பி. வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டான். அவனுக்குக் கிடைத்த சின்னம் பூட்டு சாவி. என் மனைவி வீட்டுப் பூட்டையே கையில் தூக்கிக்கொண்டு வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். கதவைப் பூட்ட வழியில்லாமல் நான் வீட்டுக்குக் காவல் இருந்தேன்.

ஓட்டுப்பதிவுக்கு முதல் நாள் மச்சினன் என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனான்.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க. இந்த ஒரு தடவ மட்டும் அங்கிட்டுப் போட்டுருங்க. அக்காவுக்குத் தெரிய வேணாம்."

சுருக்கென்றது. ஊர் சொன்னால் சரி, சொந்த மச்சினனுமா? ஆனால் அவன் முகத்தில் கேலி இல்லை. நிஜமாகவே பயந்து போயிருந்தான்.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் மனைவி என் காதருகே, "பூட்டு சாவியில நல்லா அழுத்திக் குத்துங்க" என்றாள். உள்ளே கலர் கலராகச் சீட்டுக் கொடுத்தார்கள். தலைவர் சீட்டை விரித்ததும் கை தன்னால் பூட்டு சாவியின் மேல் போய் நின்றது. கஷ்டப்பட்டு அதை நகர்த்தி, பையன் ஜெயிக்கட்டும் என்று எதிராளியின் சின்னத்தில் குத்தினேன். அன்று டீக்கடைப் பக்கமே போகவில்லை.

ஓட்டு எண்ணிய அன்று எதிராளி ஜெயித்துவிட்டார். வாழ்க்கையில் முதல்தடவையாக என் ஓட்டு ஜெயித்தது.

சாயங்காலம் மச்சினன் வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அழுது சிவந்த கண்ணோடு மனைவி புலம்பிக்கொண்டிருந்தாள். "எல்லாரும் ஒனக்குத்தான் போடுறோம்னாங்களேடா. எவன நம்புறது?" என்றவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "நீங்க யாருக்குங்க போட்டீங்க?"

பொய் சொல்லிப் பழக்கமில்லை. உண்மையைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கவும் முடியாது.

மச்சினன் முந்திக்கொண்டான். "என்னக்கா கேள்வி இது? மச்சான் எனக்குத்தான் போட்டாரு. அதான் தோத்துட்டேன்."

அவள் அழுகையோடு சிரித்துவிட்டாள். அவன் என் பக்கமே திரும்பவில்லை. அந்த நிமிடம் அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குள் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பிடித்துக்கொண்டாள்:

"ஒங்கள யாருங்க அவனுக்குப் போடச் சொன்னது?"