திருப்பி மாட்டிய கிளட்ச் பிளேட்

என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். ஊரார் பார்வையைச் சரிசெய்து கொடுத்தே இருபத்திரண்டு வருஷம் போய்விட்டது. சொத்து என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இருப்பது வீட்டை ஒட்டிய கொட்டகையில் நிற்கும் கார் ஒன்றுதான். மேலே கூரை இல்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார். கல்யாணத்துக்கு முன்பு அவரும் அவருடைய அண்ணனும் பழைய இரும்புக் கடையிலிருந்து இழுத்து வந்து, இரண்டு வருஷம் உயிரைக் கொடுத்து ஓட வைத்தது. அண்ணன் தம்பி இரண்டு பேர், சீட்டும் இரண்டு. பின்னால் வந்து சேர்ந்த நானும் என் ஓரகத்தியும் அந்தக் கணக்கில் கிடையாது.

அண்ணன், நான் பெரியவர் என்று சொல்கிறவர், பஸ் டெப்போவில் மெக்கானிக். தம்பியோடு பேசி எட்டு வருஷம் ஆகிறது. காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். மாமியார் கடைசியில் எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தார். பெரியவர் அப்போது குடும்பத்தோடு வேறு ஊரில் வேலையாக இருந்தார். "சனிக்கிழமை அவனுக்குப் புரமோஷன் பரீட்சை. அது முடியட்டும், அதுவரைக்கும் அவனப் பதற வைக்காதீங்க" என்றார் மாமியார். என் வீட்டுக்காரர் அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாத பிள்ளை. அண்ணனுக்குச் சொல்லவில்லை. புத்தி இருந்திருந்தால் நானாவது சொல்லியிருக்கலாம், நானும் சொல்லவில்லை. மாமியார் வியாழக்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டார். பெரியவர் வந்தார், அம்மா முகத்தைப் பார்த்தார், தம்பி முகத்தைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். பிறகு இந்த ஊருக்கே மாற்றலாகி வந்தும் அந்த வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவில் நானும் ஓரகத்தியும்தான் தபால்காரர்கள். "அக்கா, உங்க வீட்டுக் கல்லுளிமங்கன்கிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்று நான் போனில் கேட்பேன். அவள் கேட்டுச் சொல்வாள். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம். சிரிக்காமல் வேறு என்ன செய்வது?

இந்த வருஷம் கிளட்ச் போய்விட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்துகிறதே தவிர, கார் நகர மறுத்தது.

"பட்டறைக்குத் தள்ளிட்டுப் போங்களேன்" என்றேன்.

"இதுல கியர் பாக்ஸ வண்டிக்குள்ள இருந்துதான் தூக்கி எடுக்கணும். ரெண்டு பேர் வேணும்" என்றார். கஷ்டத்தைச் சொல்கிற குரலாக அது இல்லை. பரிசு விழுந்தவர் குரல்.

"பட்டறையில ரெண்டு பேர் இல்லையா?"

"அவங்களுக்கு இந்த வண்டி தெரியாது. அண்ணன் வரட்டும்."

"வந்தாலும் பேச மாட்டாரே."

"பேச வேணாம். வந்தா போதும்."

பச்சைப் பொய். வேலை என்று ஒன்று நடந்தால் பேச்சு வராமல் எங்கே போகும் என்பதுதான் அவர் போட்ட கணக்கு. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, அதை நம்பி நானும் ஓரகத்திக்குப் போன் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர் தன் ஸ்பேனர் பெட்டியோடு வந்தார். எனக்கு "நல்லா இருக்கியாம்மா", தம்பிக்கு ஒன்றுமில்லை. நேராகக் கொட்டகைக்குப் போய்ச் சீட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார். அடுத்து நடுவில் இருந்த தகரமூடி. அதற்கப்புறம் வரிசையாகப் போல்ட்டுகள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோலக் கியர் பாக்ஸை வெளியே எடுத்தார்கள். மத்தியானம் வரைக்கும் பெரியவர் வாயிலிருந்து வந்த முத்துகள் மூன்று: "தூக்கு", "இறக்கு", "தள்ளு". அந்த மூன்றுக்கே என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது.

பழைய பிளேட் தேய்ந்து ஆணி தெரிந்தது. சீட்டில்லாத தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு புதுப் பிளேட்டை என் வீட்டுக்காரர் மாட்டினார். பெரியவர் குனிந்து விளக்குப் பிடித்தார். நான் டீயோடு நின்றிருந்தேன்.

"சரியா இருக்காண்ணே?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

பெரியவர் விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டு போனார். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு இவர் போல்ட்டுகளை முறுக்கினார்.

சாயங்காலம் கியர் பாக்ஸ் மறுபடி உள்ளே போனது. கிளட்ச் பெடலுக்குப் போகும் ஆயில் குழாயில் காற்று புகுந்திருக்கும், அதை வெளியேற்ற ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் கீழே படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். பெரியவர் டிரைவர் சீட் இருந்த இடத்தில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பெடலை மிதித்தார். "அழுத்துண்ணே... பிடிண்ணே... விடுண்ணே" என்று கீழே இருந்து குரல் வந்தது. காற்று எப்போதோ போயிருக்கும். இவர் நிறுத்தவில்லை. எட்டு வருஷத்து ‘அண்ணே’யையும் அரை மணி நேரத்தில் கூப்பிட்டுத் தீர்த்துக்கொண்டார்.

பிறகு என் வீட்டுக்காரர் ஏறி எஞ்சினைக் கிளப்பி, பெடலை அடிவரைக்கும் அழுத்தி, கியரைத் தள்ளினார். கர்ரென்று பல் கடிக்கிற சத்தம். மறுபடி தள்ளினார், மறுபடி அதே சத்தம். கிளட்ச் பிடியை விடவே இல்லை. பெரியவர் கையைத் துடைத்தார், பெட்டியை மூடினார், "வரேம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஒரு வாரம், கடை விட்டு வந்து இவர் ஒருவராகவே எல்லாவற்றையும் கழற்றினார். கியர் பாக்ஸை மட்டும் நானும் அவருமாகப் பலகையும் கயிறும் கட்டி இழுத்தோம். பிளேட்டை வெளியே எடுத்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிளேட்டுக்கு நடுவில் புடைப்பான பக்கம் ஒன்று உண்டு, அது கியர் பாக்ஸைப் பார்த்து இருக்க வேண்டுமாம். எஞ்சினைப் பார்த்து இருந்திருக்கிறது.

"திருப்பி மாட்டிட்டேன்" என்றார். பிளேட்டைப் புரட்டிப் பார்த்து, "விளக்குப் பிடிச்சாரே" என்றார்.

கண்ணைக் கட்டிவிட்டாலும் கிளட்ச் மாட்டுகிற ஆள் பெரியவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் தடுக்கத் தடுக்க ஓரகத்திக்குப் போன் போட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்தேன்.

"அக்கா, அன்னிக்கு பிளேட்டு தப்பா மாட்டினத அவர் பாத்தாரா இல்லையான்னு கேளுங்க."

அவள் கேட்பது கேட்டது. பிறகு போன் கைமாறியது.

"பாத்தேன்மா" என்றார் பெரியவர்.

"பாத்துட்டா சொல்லாம இருந்தீங்க?"

"சொல்ல வேண்டியத சொல்லாம விட்டா எப்படி இருக்கும்னு அவனுக்கும் ஒரு தடவ தெரியட்டும்."

போன் நின்றது. எனக்குக் கொட்டித் தீர்க்க எவ்வளவோ இருந்தது, எதைச் சொன்னாலும் அந்த வியாழக்கிழமையில்தான் போய் முட்டும். சிலருக்குச் சதையும் ஆடாது. அவருக்கு ஆடாமல் போனதில் எங்களுக்கும் பங்கு உண்டு, அதுதான் வயிற்றெரிச்சல்.  என் வீட்டுக்காரர் பிளேட்டைத் துணியால் துடைத்துச் சரியான பக்கம் திருப்பி மாட்டினார்.

மறுபடி காற்று எடுக்கிற நாளில் அந்த மரப்பெட்டியில் நான் உட்கார்ந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வண்டியில் ஸ்டீயரிங் பக்கம் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அவர் கீழே படுத்துத் திருகைத் திறந்தார்.

"அழுத்துண்ணே" என்றார்.

வாய் தவறி வந்துவிட்டது. அவர் திருத்திக்கொள்ளவில்லை. பெடலை அழுத்தினேன்.